அரியலூரில் கடல் சிப்பி கிடைப்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

டெல்டா ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். நிலக்கோளம் பற்றிய பாடத்தை நடத்தி முடித்த கையோடு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், திரும்பும் வழியில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் அழைத்துச் சென்றோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாறை என்பதே புதுமையானது. வயலைத் தோண்டினால் களிமண்ணும் அதன் கீழே மணலும்தான் வரும்; கருங்கல் ஜல்லி வேண்டுமென்றால் லாரியில்தான் வந்து இறங்கவேண்டும். ஆகவே அருங்காட்சியகத்தில் கல்லாகிப்போன சிப்பிகளையும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளையும் கண்டபோது அவர்கள் வாய் மூடவில்லை.

பேருந்தில் ஏறியதும் கேள்விகள் தொடங்கின. அரியலூருக்கும் கடலுக்கும் இடையே நேர்க்கோட்டில் பார்த்தால்கூட எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இவ்வளவு தூரம் கடல் உள்ளே வந்தது 2004ஆம் ஆண்டு வந்ததைப் போன்ற சுனாமியாலா என்று ஒரு மாணவன் கேட்டான். தமிழ்ப் பாடத்தில் படித்த கடல்கோள் இதுதானா என்று இன்னொருவன் கேட்டான். இரண்டும் இல்லை, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடலே இருந்தது என்று நான் சொன்னேன். உடனே பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவி, “அது எப்படித் தெரியும், டீச்சர்? அலை அடித்துக்கொண்டு வந்து போட்டதா, அங்கேயே வாழ்ந்ததா என்று கல்லைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. படிவுப் பாறை, தீப்பாறை, உருமாறிய பாறை என்று வகை சொல்லத் தெரிகிறது. இந்தக் கேள்விக்கு அந்த வகைப்பாடு உதவவில்லை.

நான் அறிய விரும்புவது மூன்று. கடல் அங்கேயே இருந்தது என்பதற்குப் பாறையில் என்ன சான்று? வந்த கடல் எங்கே போயிற்று? கோடிக்கணக்கான ஆண்டு என்ற கணக்கை எப்படிப் போட்டார்கள்? பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய அளவில் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய சுத்தியல் மறுமொழி:

அம்மா, வணக்கம். பாறைகளைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மாணவி கேட்டது நல்ல கேள்வி. பாடநூல்கள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு முடிவை மட்டும் சொல்லுகின்றன. என்னால் இயன்ற வரை சொல்கிறேன்.

முதலில் சுனாமியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அதைக் கண்ணால் கண்டவர்கள் இருப்பார்கள். நாகப்பட்டினம் கரையில் அந்த அலை என்ன விட்டுச் சென்றது என்று பெரியவர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். வயல்களின் மேல் ஒரு மணல் விரிப்பு, அதில் உடைந்த சிப்பிகள், குப்பைகள், அவ்வளவுதான். சில இடங்களில் விரற்கடை அளவு, சில இடங்களில் முழங்கால் அளவு. ஒரு நாளில் வந்த அலை ஒரே ஓர் அடுக்கைத்தான் போட முடியும், அதிலும் எல்லாம் கலந்து கிடக்கும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் கிடக்கும் படிவுகளோ அடுக்கின் மேல் அடுக்காகப் பல நூறு மீட்டர் தடிமன் கொண்டவை.

அந்த அடுக்குகளில் பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தின் களிமண் படிவு முக்கியமானது. களிமண் துகள் மிக நுண்ணியது. கலங்கிய குளத்து நீரை ஒரு சொம்பில் பிடித்து அசையாமல் வைத்தால்தான், அதுவும் வெகுநேரம் கழித்துத்தான், அடியில் படியும். சீறிவரும் நீரில் அது படியவே படியாது. ஆகவே ஓரிடத்தில் களிமண் கனமாகப் படிந்திருக்கிறது என்றாலே, அங்கே நீர் நெடுங்காலம் அமைதியாக நின்றிருக்கிறது என்று பொருள். அந்தக் களிமண்ணுக்குள் அம்மோனைட்டும் பெலம்னைட்டும் இருப்பதால், நின்றது கடல்நீர் என்பதும் தெரிந்துவிடுகிறது. இவ்விரண்டும் கணவாய் மீனின் உறவுகள், நன்னீரில் வாழ்ந்தவை அல்ல.

அடுத்த சான்று இன்னும் நேரடியானது. பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற கல்லங்குறிச்சிப் பக்கத்தில் உள்ள சுண்ணாம்புக்கல்லில், கனத்த ஓடுடைய சிப்பிகள் திட்டுத் திட்டாக, கூட்டம் கூட்டமாகக் கிடக்கின்றன. பல சிப்பிகளில் மேலோடும் கீழோடும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும். சிப்பி இறந்தபின் அதன் இரு ஓடுகளையும் இணைக்கும் தசையும் நாரும் அழுகிவிடும். சிறிது அலை அடித்தாலும் ஓடுகள் தனித்தனியாகிவிடும். கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சல்களில் எத்தனை இணையாகக் கிடைக்கின்றன என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். இணை பிரியாமல் கிடந்தால், அந்தச் சிப்பி வாழ்ந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், வண்டலால் மூடப்பட்டது என்று கொள்ளலாம். இவை தவிர, கடலடி மண்ணில் புழுவும் நண்டும் துளைத்த வளைகள் கல்லாகவே நிற்கின்றன. செத்த சிப்பியை அலை சுமந்துவரும். வளையைச் சுமந்துவர முடியாது.

இனிப் பாறையின் உடலைப் பற்றி ஒரு சொல். வெற்றிலைக்குத் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பை எப்படிச் செய்வார்கள் என்று உங்கள் ஊரில் அறிந்தவர் இருப்பார்கள். கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுட்டு, நீர் தெளித்துப் பொடியாக்குவார்கள். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லுக்குள் சிப்பி இருக்கிறது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. அந்தக் கல்லில் பெரும்பங்கு சிப்பியும் அதன் தூளும்தான். 1939ஆம் ஆண்டு டால்மியாபுரத்தில், அதாவது கல்லக்குடியில், சிமென்ட் ஆலை வந்ததும், பின்னர் அரியலூரைச் சுற்றி ஆலைகள் பெருகியதும் இந்தக் கல்லுக்காகத்தான். கல்லோடு களிமண் சேர்த்துச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வரை சுட்டுச் சிமென்ட் செய்கிறார்கள். உங்கள் பள்ளிச் சுவரில் அந்தக் கடலின் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

கடல் எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவை சேர்ந்திருந்த கோண்டுவானா நிலம் உடைந்தபோது, இந்தியாவின் கிழக்கு விளிம்பு அண்டார்டிகாவிலிருந்து ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரியத் தொடங்கியது. நிலம் இழுபட்டு உடையும்போது, விளிம்பில் உள்ள பாளங்கள் படிக்கட்டுப் போலச் சரிந்து இறங்கும். அப்படி இறங்கிய பள்ளங்களின் தொகுதிதான் காவிரி வடிநிலப் படுகை. இன்றைய காவிரி ஆறு அப்போது இல்லை. பெயர் மட்டும் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது, மேற்கிலிருந்து ஓடிவந்த ஆறுகள் மணலையும் சேற்றையும் கொட்டின.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒன்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அங்கே இருந்தது ஆழமற்ற கடல். படிவோ பல நூறு மீட்டர், கிழக்கே இன்னும் அதிகம். ஆழமற்ற கடல் சில நூறு மீட்டர் வண்டலிலேயே தூர்ந்துபோயிருக்க வேண்டுமே? விடை, வண்டல் சேரச் சேர அடித்தளமும் அமிழ்ந்துகொண்டே போயிற்று என்பதுதான். இலவம்பஞ்சு மெத்தையின் மேல் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். புத்தக அடுக்கு உயர்வதைவிட அதன் உச்சி குறைவாகவே உயரும். நிலம் மெத்தையைவிடப் பல கோடி மடங்கு மெதுவாக அமிழ்கிறது, அவ்வளவே வேறுபாடு.

உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. அரியலூரில் தரையில் தெரியும் அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன. ஆகவே அதே காலத்து அடுக்குகள் டெல்டாவின் அடியில், காவிரி வண்டலுக்கும் பிற்கால மணற்கற்களுக்கும் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. நரிமணத்திலும் உங்கள் மாவட்டத்திலும் ஓ.என்.ஜி.சி. ஆழ்துளை இட்டு எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது இந்தப் படுகையிலிருந்துதான். அதன் நன்மை தீமை பற்றி இங்கே பேச வரவில்லை. உங்கள் பிள்ளைகள் அரியலூரில் பார்த்த கடல் அவர்கள் காலடியிலும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

செந்துறைச் சாலை மறுமொழி:

வணக்கம். நான் அரியலூர் மாவட்டத்தில் பணியாற்றும் ஆசிரியன். அருங்காட்சியகத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்பதில் எனக்குச் சிறு வருத்தம். அடுத்த முறை மேற்கிலிருந்து கிழக்காக வாருங்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூரில் தொடங்கி அரியலூர் வரை, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்குள், ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது போல வரலாம்.

பாடாலூர்ப் பக்கம் தெரிவதெல்லாம் கருங்கல், கல்குவாரிகள் இருக்கும். அதில் எவ்வளவு தேடினாலும் சிப்பி கிடைக்காது. அங்கிருந்து கிழக்கே ஊட்டத்தூர், காரை என்று வந்தால், கருங்கல் மறைந்து படிவுகள் தொடங்கிவிடும். அந்த எல்லைதான் பழைய கடலின் கரை ஓரம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். துல்லியமாகக் கோடு கிழிக்க முடியாது என்றாலும், கருங்கல்லின் மேல் கடற்படிவு வந்து அமர்ந்திருப்பதை அங்கே காணலாம். காரையில் களிமண் நிலம் மழையால் அரிக்கப்பட்டு, சிறு சிறு ஓடைகளாகக் கிழிந்து, ஒரு புல்லும் இல்லாமல் கிடக்கும். வெயிலில் மின்னுவது கண்ணாடித் துண்டு அன்று, ஜிப்சம். துப்பாக்கித் தோட்டா போலக் கிடப்பவை பெலம்னைட்டுகள். அவற்றை உண்மையான தோட்டா என்று நம்பி என்னிடம் கொண்டுவந்த மாணவர்கள் உண்டு.

அதற்கும் கிழக்கே கருடமங்கலம். அங்கே கிடைக்கும் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றி ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்தார்கள். சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. அப்படி உருமாறினால் உள்ளே உள்ள சிப்பியின் உருவம் அழிந்துவிடும். கருடமங்கலத்துக் கல்லில் சிப்பி தெளிவாகத் தெரிகிறதே, அது உருமாறிய பாறையா என்று கேளுங்கள். வகைப்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் வைக்கும் பெயரும் நிலவியலார் வைக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

சாத்தனூர் கல்மரத்தையும் விட்டுவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த மரத்தண்டு 18 மீட்டர் நீளம். கடற்படிவுக்குள் மரம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, ஆறு அடித்துக்கொண்டு வந்து கரையோரக் கடலில் சேர்த்தது, நீர் ஊறி அமிழ்ந்தது, மண் மூடியது என்பதே விடை. பிறகு நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் திசுக்களுக்குள் சிறிது சிறிதாகப் படிந்து, மர உருவம் கெடாமலேயே அதைக் கல்லாக்கிவிட்டது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதுடைய மணற்கல்லில் இருப்பவை, இதைவிட மிகவும் இளையவை.

ஒரு வேண்டுகோள். சாத்தனூரில் எதையும் தொடக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். சிமென்ட் ஆலைகளின் சுரங்கங்களுக்குள் முன் அனுமதி இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். விளிம்பு மண் சரியக்கூடியது. காரையிலும் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பையை நிரப்பிக்கொள்ள வேண்டாம். ஐம்பது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு எடுத்தால் அடுத்து வருபவர்களுக்கு வெறும் களிமண்தான் மிஞ்சும்.

முதுகலை இரண்டாம் ஆண்டு மறுமொழி:

நான் புவியமைப்பியல் மாணவன். பழைய சுத்தியல் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், வயதுக் கணக்கையும் தொட்டுவிடுகிறேன்.

நிலம் அமிழ்ந்ததால் மட்டும் கடல் வந்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்ளக்கூடும். அரியலூரில் கடல் இருந்த காலத்தை நிலவியலில் கிரிடேசியஸ் காலம் என்பார்கள்; அப்போது உலகம் முழுவதுமே கடல் மட்டம் இன்றையதைவிட உயர்ந்திருந்தது. 100 மீட்டருக்கும் மேல் என்பதே பரவலான மதிப்பீடு. துருவங்களில் பெரிய பனிக்கட்டிகள் இல்லாதது ஒரு காரணம். ஆனால் இன்றைய பனி முழுவதும் உருகினாலும் கடல் ஏறத்தாழ 65 மீட்டர்தான் உயரும். அரியலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 75 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டத்தூர்ப் பக்கம் அதைவிட மேடு. எனவே பனி மட்டும் விடையாகாது. கண்டங்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், கடல் நடுவே புதிய தரை உருவாகும் முகடுகள் சூடாகவும் பருத்தும் இருந்தன. அண்டாவுக்குள் கல்லைப் போட்டால் நீர் மேலே ஏறுவது போல, அவை கடல்நீரைக் கண்டங்களின் மேல் தள்ளிவிட்டன. இந்தக் கணக்கை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம் என்று தோன்றுகிறது. மூன்று எண்கள் போதும்.

கடல் எங்கே போயிற்று என்பதற்கும் இதுவே பாதி விடை. முகடுகள் குளிர்ந்து தணிந்தன, பிற்காலத்தில் துருவங்களில் பனி சேர்ந்தது, நீர் இறங்கியது. மீதிப் பாதி, படுகையின் மேற்கு விளிம்பு சிறிது உயர்ந்ததும், ஆறுகள் கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனதும். டெல்டா அந்தத் தள்ளலின் அண்மைக்கால அத்தியாயம்.

வயதைப் பற்றி: கீழடியில் கரித்துண்டைச் சோதித்துக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கண்டதைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதே முறையில்தான் அரியலூருக்கும் கணக்கிட்டார்கள் என்று எண்ணிக்கொள்வார்கள். அப்படி இல்லை. கார்பன்-14 என்னும் அணுவகை 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஏறத்தாழ 50,000 ஆண்டு கடந்தால் அளவிடப் போதுமானது மிஞ்சாது. கோடி ஆண்டுகளுக்கு வேறு கடிகாரம் வேண்டும். யுரேனியம்-238 பாதியாகக் குறைந்து ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டு ஆகும். எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்கான் என்னும் சிறு படிகங்களில் அதை அளக்கலாம். ஆனால் சிப்பியில் அதை எளிதில் அளக்க முடியாது, அரியலூர் அடுக்குகளில் சாம்பல் தேடினாலும் வேண்டிய இடத்தில் எல்லாம் கிடைக்காது. அங்கேதான் அம்மோனைட்டு உதவுகிறது. ஓர் இனம் தோன்றிச் சில இலட்சம் ஆண்டுகளிலோ பத்துப் பதினைந்து இலட்சம் ஆண்டுகளிலோ மறைந்துவிடும்; அதற்குள் உலகக் கடல்களில் பரவியும் விடும். வேறொரு நாட்டில் அதே இனம் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே கிடைத்து, அந்தச் சாம்பலின் வயது தெரிந்தால், இங்குள்ள அடுக்கின் வயதும் தெரிந்துவிடும். பழைய நாணயத்தில் அரசன் பெயரைப் பார்த்து, அது கிடந்த மண்ணடுக்கின் காலத்தைச் சொல்வது போன்றதுதான்.

1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை வரைபடமாக்கி, கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தபோது கதிரியக்கக் கடிகாரமே கிடையாது. அடுக்கின் வரிசையையும் உயிரினத்தையும் வைத்தே பிரித்தார். அவர் வைத்த பெயர்கள் இன்றும் நிற்கின்றன.

டெல்டா ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. அமிழும் மெத்தையும் இணை பிரியாத சிப்பியும் நாளையே வகுப்புக்குப் போகின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒரு மாணவன் வீட்டில் பூசையில் வைத்திருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டுதான் என்று படித்ததாகச் சொல்கிறான். அது இமயமலையிலிருந்து வருவது. அப்படியானால் இமயத்திலும் இதே கடல்தானா? இரண்டாவது, பெரம்பலூரில் டைனோசர் முட்டை கிடைத்ததாக அலைபேசியில் வந்த படங்களைப் பிள்ளைகள் காட்டுகிறார்கள். உண்மையா?

வகுப்பில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சரளை, மணல், களிமண், கிளிஞ்சல் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி, அடுக்குகள் படிவதைக் காட்டலாம் என்றும் நினைத்திருக்கிறேன்.

பழைய சுத்தியல் மறுமொழி:

மாணவன் சொன்னது சரி. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பலவற்றுள் இருப்பது அம்மோனைட்டின் சுருள். ஆனால் அது வேறு கடல், இந்தியத் தட்டுக்கும் ஆசியாவுக்கும் இடையே கிடந்த டெத்திஸ் கடல். அங்குள்ள அடுக்குகள் அரியலூரைவிட மூத்தவை, ஜுராசிக் காலத்தவை. டெத்திஸின் தரை, இரு தட்டுகள் மோதியதில் மடிந்து, நொறுங்கி, பல ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்பட்டது. எவரெஸ்ட் உச்சியிலேயே கடற்சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரியலூரில் மோதல் ஏதும் நிகழவில்லை. அடுக்குகள் மடியாமல், மெல்லச் சாய்ந்து மட்டுமே கிடக்கின்றன. இந்த ஒப்பீட்டை அவசியம் செய்யுங்கள். மலைமேல் சிப்பி என்றால் நிலம் உயர்ந்தது, சமவெளியில் சிப்பி என்றால் பெரும்பாலும் கடல் ஏறி இறங்கியது. இரண்டையும் அடுக்குகளின் கிடப்பைப் பார்த்துப் பிரித்தறியலாம்.

முட்டைக் கதைக்கு வருவோம். 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் குளத்தில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. உடனே அவை டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு அவை அம்மோனைட்டைச் சுற்றி உருவான கல்லுருண்டைகள் என்று தெளிவுபடுத்தினார்கள். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ அழுகும்போது, அதைச் சுற்றியுள்ள நீரின் தன்மை மாறி, கரைந்திருந்த கனிமங்கள் அதன்மேல் உருண்டையாகத் திரளும். உடைத்தால் நடுவில் ஓடு இருக்கும் அல்லது அதன் அச்சு இருக்கும். முட்டைக்கு ஓடு வெளியே இருக்கும். இதற்கு ஓடு உள்ளே. பிள்ளைகள் இதை மறக்கமாட்டார்கள்.

அதற்காக இந்தப் பகுதியில் டைனோசரே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கல்லமேடு என்னும் ஊரில், கடல் பின்வாங்கி ஆற்றுப்படிவு வந்த அடுக்கில், எலும்புகள் கிடைத்தன. 1987ஆம் ஆண்டு யாதகிரியும் அய்யாசாமியும் அதற்கு ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பெருத்த உடலுடையது என்று பொருள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று ஆய்வாளர்கள் திருத்தினார்கள். வருந்தத்தக்க செய்தி, அந்த எலும்புகள் பின்னாளில் சிதைந்து பொடியாகிவிட்டன. மூலப்பொருள் கையில் இல்லாததால் அது எவ்வளவு பெரியது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கோடி ஆண்டு என்பதைப் பிள்ளைகள் உணர ஒரு வழி. ஆயிரம் ஆண்டை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்துவந்த கங்கைகொண்ட சோழபுரம் கோயில் ஒரு மில்லிமீட்டர். கீழடி இரண்டரை மில்லிமீட்டர். கல்லங்குறிச்சிச் சிப்பி ஏறத்தாழ 7 கோடி ஆண்டு, ஆக எழுபது மீட்டர். பள்ளி மைதானத்தில் அளந்துவிடலாம். சென்னைப் பல்லாவரத்துச் சார்னோகைட்டுக் கருங்கல், ஏறத்தாழ 250 கோடி ஆண்டு, இரண்டரைக் கிலோமீட்டர். புவியின் வயது 454 கோடி ஆண்டு, நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடல்கோளைப் பற்றிக் கேட்ட மாணவனுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நம் இலக்கியம் பேசும் கடல்கோள் இந்த அளவுகோலில் சில மில்லிமீட்டருக்குள் அடங்கும்; அரியலூர்க் கடல் எழுபது மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதைக் கண்டு பாடுவதற்கு மனிதர் யாரும் இல்லை.

ஆய்வகப் பெட்டி மறுமொழி:

குடுவைச் சோதனை பற்றி மட்டும் ஒரு திருத்தம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் சரளை அடியில், மணல் நடுவில், களிமண் மேலே என்று அழகாகப் படியும். ஆனால் அது ஒரே வெள்ளத்தில் அரைநாளில் நடந்ததன் மாதிரி. நீங்கள் மறுக்க நினைக்கும் சுனாமி விளக்கத்தையே அது மெய்ப்பிப்பதாகிவிடும். நான் என் வகுப்பில் இரண்டு குடுவைகள் வைப்பேன். ஒன்றை நீங்கள் சொன்னபடி குலுக்கிவிடுவேன். மற்றொன்றில் பத்து நாளுக்குத் தினமும் ஒரு மாணவர் ஒரு கரண்டி மண்ணைப் போடுவார், ஒருநாள் மணல், ஒருநாள் களிமண், ஒருநாள் கிளிஞ்சல் தூள். என்ன போட்டார் என்பதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. பத்தாம் நாள் மற்றப் பிள்ளைகள் குடுவையைப் பார்த்தே வரிசையைச் சொல்லவேண்டும். அடியில் இருப்பது முதலில் வந்தது என்ற விதியை யாரும் சொல்லித்தராமலே கண்டுகொள்வார்கள். நிக்கோலஸ் ஸ்டெனோ 1669ஆம் ஆண்டு எழுதிவைத்த விதி அதுதான்.

சுண்ணாம்புக்கல் சோதனைக்கு அமிலம் வாங்க வேண்டாம். கல்லைச் சிறிது பொடித்து அதன்மேல் வினிகர் விட்டால் நுரைக்கும், கருங்கல் பொடி நுரைக்காது. முட்டை ஓட்டையும் பக்கத்தில் வைத்துச் செய்தால் அதுவும் நுரைப்பதைப் பார்ப்பார்கள்.

செந்துறைச் சாலை மறுமொழி:

ஆசிரியை மறுபடியும் வருவதாக இருந்தால், தை, மாசி மாதங்களில் வாருங்கள். மழைக்காலத்தில் காரைக் களிமண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும், சித்திரையில் ஒதுங்க நிழலே கிடையாது. காலை ஏழு மணிக்குப் பாடாலூரில் இறங்கினால் பத்தரை மணிக்குள் காரையை முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது சாத்தனூர் மரத்தடிக்கு வந்துவிடலாம். மரம் கல்லாகி நிழல் தராது என்றாலும், பூங்காவில் அமர இடம் இருக்கிறது. குடிநீரைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.